கோட்டையருகே மாளிகை, அதற்கு அப்பால் கிராமம்

தரங்கம்பாடிக் கடற்கரையின் பழைய மாளிகையில் தங்குவோரின் தொகை பெருகி வருகிறது. அந்த வாசம் விருந்தினருக்கு என்ன தருகிறது? அந்தக் கரையிலேயே பிறந்து, அந்தக் கடலாலேயே பிழைக்கிறவர்களுக்கு என்ன தருகிறது?

கிழக்கு வெளுப்பதற்கு முன்பே விழித்துக்கொண்டு, தரங்கம்பாடிக் கடற்கரை மாளிகையின் மேல்மாடித் தாழ்வாரத்துக்கு வந்து நிற்பவரை முதலில் வந்தடைவது ஓசைதான். கீழே கருங்கற்களின்மேல் அலை மோதி உடைகிற அந்த இடையறாத முழக்கத்தின் நடுவே, தொலைவில் படகு எஞ்சின்களின் துடிப்பு மெல்ல எழுந்து, நெருங்கி, ஒவ்வொன்றாகக் கரையை நோக்கித் திரும்புகிறது. சிறிது நேரத்தில் டேன்ஸ்போர்க் கோட்டையின் மதில் இருளிலிருந்து உருவெடுக்கிறது. அதற்கு அப்பால், நள்ளிரவு கடந்த வேளையில் கடலேறிப் போன ஃபைபர் படகுகள் நுரையைக் கிழித்துக்கொண்டு மணலில் ஏறுகின்றன. அவற்றை எதிர்பார்த்து அன்னக்கூடைகளுடன் குந்தியிருந்த பெண்கள் எழுந்து சூழ்ந்துகொள்கிறார்கள். வலையிலிருந்து கவளையையும் மத்தியையும் நண்டையும் பிரித்தெடுக்கிற கைகளின் வேகமும், ஏலம் கூறுகிறவரின் குரலும், விலை படியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுகணமே மீண்டும் கேட்கிற கிழவியரின் சாமர்த்தியமும் சேர்ந்த அந்த அமளி, சூரியன் ஒரு பனை உயரம் ஏறுவதற்குள் அடங்கிப்போகிறது. கூடைகள் பொறையாற்றுக்கும் திருக்கடையூருக்கும் புறப்பட்டுவிடுகின்றன.

தாழ்வாரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு காப்பி அருந்துகிற விருந்தினருக்கு இவையனைத்தும் மனோகரமான ஒரு காலைக் காட்சி. கரையில் நிற்பவர்களுக்கோ அன்றைய ஜீவனமே அந்த அரைமணி நேரத்தில் நிர்ணயமாகிறது. இவ்விரு சாராருக்கும் நடுவே கிடப்பது சில நூறு கஜ மணல்தான். அந்த மணலைக் கடந்து நடந்தவர்கள் எத்தனை பேர், கடந்தவர்கள் எவ்விதமாகக் கடந்தார்கள் என்பதைப் பொறுத்தே கடற்கரைப் பாரம்பரிய விடுதி என்கிற இந்தப் புதிய வழக்கம் நன்மையா தீமையா என்று சொல்ல முடியும்.

நாயக்கர் அளித்த கரை

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர், டென்மார்க் அரசன் நான்காம் கிறிஸ்டியனின் தூதனாக வந்த ஓவே யெட்டே என்னும் இளம் கடற்படைத் தலைவனுடன் 1620ஆம் ஆண்டு உடன்படிக்கை செய்துகொண்டு, இந்தச் சிறு கடற்கரை ஊரில் கோட்டை எழுப்பவும் வாணிபம் செய்யவும் அனுமதி அளித்தார். பொன் தகட்டில் தமிழில் பொறித்து அவர் டேனிய அரசனுக்கு விடுத்த ஓலை இன்றும் கோபன்ஹேகனில் பாதுகாக்கப்படுகிறது. மிளகையும் துணியையும் நாடி வந்தவர்களின் வாணிபம் ஆரம்பத்திலேயே தள்ளாடியது. 1643க்குப் பின் 1669 வரை டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. அதிகாரிகள் ஒவ்வொருவராக மாண்டும் விலகியும் போனபின், கல்வியோ பதவியோ இல்லாத எஸ்கில்ட் கோங்ஸ்பாக்கே என்னும் சாதாரண மாலுமி 1655இல் தலைமையை ஏற்று, தாய்நாடு மறந்துவிட்ட அந்தக் கோட்டையை விடாப்பிடியாகக் காத்து நின்ற விருத்தாந்தம், இவ்வூரின் சரித்திரத்தில் பேரரசர்களின் பெயர்களைக் காட்டிலும் அதிகமாக மனத்தில் தங்குகிறது. உள்ளூர் ஜனங்களின் தானியமும் மீனும் ஒத்தாசையும் இல்லாமல் அத்தனை ஆண்டுகள் ஒரு கோட்டை நிற்க முடிந்திருக்காது என்பதை எந்தப் பெயர்ப்பலகையும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைப்பது உசிதம்.

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி கரையிறங்கிய பார்த்தலோமேயு சீகன்பால்கு, சிறுவர்களுடன் மணலில் அமர்ந்து விரலால் எழுதித் தமிழ் பயின்று, சில ஆண்டுகளுக்குள் இங்கே அச்சுக்கூடம் நிறுவிப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு வெளியிட்டார். அந்த அச்சுக்கூடத்துக்கு வேண்டிய காகிதத்தை அருகேயே செய்ய முயன்ற இடம், பொறையாற்றையொட்டிக் கடுதாசிப்பட்டறை என்ற பெயரால் இன்றும் வழங்குகிறது. 1845இல் டேனியர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சேராம்பூரையும் ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றார்கள். ஆங்கிலேயக் கலெக்டரின் கச்சேரி சில காலம் இங்கே நடந்தது. பின்னர் அதுவும் அகன்றது. நாகப்பட்டினத்துக்கு இருப்புப்பாதை வந்து வாணிபமெல்லாம் அங்கே திரும்பியது. பிற்காலத்தில் மயிலாடுதுறையிலிருந்து இவ்வூருக்குப் போடப்பட்ட ரயில் பாதையும் 1980களில் மூடப்பட்டுவிட்டது. இந்தப் புறக்கணிப்பின் காரணமாகவே பழைய வீதிகள் இடிபடாமல் பிழைத்தன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

[பெட்டிச் செய்தி: தரங்கம்பாடி, ஆண்டு வாரியாக]

1306: பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில் மாசிலாமணிநாதர் கோயில். ஊரின் மிகப் பழைய கட்டடம் இதுவே.
1620: நாயக்கருடன் உடன்படிக்கை, டேன்ஸ்போர்க் கோட்டை.
1701: சீயோன் ஆலயம்.
1715: தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறி நிறைவு.
1718: புதிய எருசலேம் ஆலயம். மறு ஆண்டு மறைந்த சீகன்பால்கு இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.
1792: ஊரின் நுழைவாயிலான நகர வாயில், இன்று காணும் உருவில்.
1845: 12½ லட்சம் ரூபாய்க்கு விற்பனை (சேராம்பூரும் சேர்த்து).
2004: டிசம்பர் 26, ஆழிப்பேரலை.
2020: மயிலாடுதுறை தனி மாவட்டமாயிற்று, தரங்கம்பாடி அதில் சேர்ந்தது.

சுண்ணாம்பும் உப்புக் காற்றும்

கோட்டைக்கு எதிரே, கடலை நோக்கி நிற்கிற அந்தப் பழைய பங்களாவை நீம்ரானா நிறுவனம் புதுப்பித்து விடுதியாக்கியது. இங்கு நங்கூரமிட்ட டேனியக் கப்பல்களின் பெயர்கள் அறைகளுக்கு இடப்பட்டிருக்கின்றன. சுற்றிலும் ஓடுகிற அகன்ற தாழ்வாரங்கள், உயரமான கூரை, தடித்த சுவர்கள், காற்றை உள்ளே அழைத்து வெப்பத்தை வெளியே நிறுத்துகிற பலகைச் சட்டக் கதவுகள் ஆகியவற்றை வெறும் அலங்காரம் என்று கருதுபவர் ஒரு சித்திரை மாத மத்தியானத்தை அங்கே கழித்துப் பார்க்க வேண்டும். மின்விசிறியும் குளிர்சாதனமும் இல்லாத காலத்தில் கடற்கரையில் எப்படி வாழ்வது என்ற வினாவுக்கு உள்ளூர்க் கொத்தனார்களும் தச்சர்களும் சேர்ந்து கண்டெடுத்த விடை அந்தக் கட்டுமானத்திலேயே இருக்கிறது.

இவ்வகைக் கட்டடங்களைப் பழுதுபார்ப்பதில் உள்ள நுட்பம் பலருக்கும் தெரியாது. கடற்காற்றின் உப்பு, சிமெண்டுக் கலவையின் உட்புறம் புகுந்து, இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து, துரு பருத்துப் பருத்துக் கலவையைப் பிளந்து உதிர்த்துவிடுகிறது. சுண்ணாம்புச் சாந்தோ ஈரத்தை வாங்கி, வாங்கியதை வெளியே விட்டு, உப்பு மேற்பரப்பில் பூத்து உதிர்ந்தாலும் சுவரின் உடலைக் காத்து நிற்கிறது. சுண்ணாம்பைக் குழியில் நீற்றிப் பல நாள் ஊறவிட்டு, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்துப் பதம் கொண்டுவருகிற வித்தை, சிமெண்டு மூட்டை வந்த பிறகு நம் கொத்தனார்களிடமிருந்து ஏறத்தாழ மறைந்தேவிட்டது. தேக்கு உத்தரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாகக் குறுக்கே அடுக்கிச் சாந்தால் இறுக்கும் மெட்ராஸ் டெரஸ் கூரையைப் போடத் தெரிந்த கைகளும் அருகிப் போயின. தரங்கம்பாடியில் விடுதியாகிய இந்தப் பங்களாவும், டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் துணையோடு சீர் செய்யப்பட்ட ஆளுநர் மாளிகையும், இன்டாக் அமைப்பு பொற்கொல்லர் வீதியில் புதுப்பித்த சிறு வீடுகளும் அந்த வித்தைக்கு மீண்டும் வேலை கொடுத்தன. பாரம்பரியப் புதுப்பிப்பினால் கிராமத்துக்கு விளைந்த மெய்யான நன்மைகளில் முதலாவதாக இதனையே நான் வைப்பேன். ஏனெனில் விருந்தினர் வந்து போகிற வருமானம் பருவத்தோடு ஏறி இறங்குவது, கையில் வந்துசேர்ந்த தொழில் அப்படி இறங்குவதில்லை.

தாழ்வாரத்தை விட்டு இறங்கினால்

விடுதியின் படிகளை விட்டு இறங்கி, ராஜ வீதியில் சீயோன் ஆலயத்தையும் புதிய எருசலேம் ஆலயத்தையும் பார்த்துவிட்டு, நகர வாயில் வரை சென்று திரும்புவதோடு பெரும்பாலான பிரயாணிகளின் ஊர்வலம் முடிந்துவிடுகிறது. அவர்கள் காண்பது தரங்கம்பாடியின் ஒரு பாதி. மறுபாதி, மாசிலாமணிநாதர் கோயிலுக்கு அப்பால் மீனவர் தெருவில் தொடங்குகிறது.

அக்கோயிலைப் பற்றி ஒரு வார்த்தை. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் கடலிலிருந்து தூரத்தே கட்டப்பட்டிருக்க வேண்டிய அந்தச் சந்நிதியை நோக்கிக் கடல் சிறிது சிறிதாக நகர்ந்து வந்து, முன் மண்டபங்களை விழுங்கி, கருவறையின் வாசல்வரை அலை தொடுமளவுக்கு நெருங்கியது. கல் அரண் இட்டும் பழுதுபார்த்தும் எஞ்சியதைக் காத்திருக்கிறார்கள். இவ்வூரில் கரை என்பது நிலையான கோடு அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை. விடுதி கட்டுகிறவரும் வீடு கட்டுகிறவரும் அதனை ஒருமுறை பார்த்துவிட்டு அஸ்திவாரம் தோண்டுவது நல்லது.

மீனவர் தெருவுக்குள் நுழைகிற அந்நியர், அங்கே தமக்குப் புலப்படாத ஓர் ஆட்சிமுறை இயங்கிக்கொண்டிருப்பதை அறிவதில்லை. இந்தச் சோழமண்டலக் கரையில் பட்டினவர் என்னும் மீனவர்களின் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்தார் என்போர் உண்டு. கோயில் திருவிழாவுக்கான வரி, படகுகளுக்குள் எழும் தகராறு, எந்த வலையை இடலாம் எதை இடலாகாது என்னும் கட்டுப்பாடு, ஊரில் ஒருவர் இறந்தால் யாரும் கடலுக்குப் போகாமல் நிறுத்துகிற வழக்கம் ஆகியவை அவர்கள் சொல்லுக்கு உட்பட்டவை. பிடித்த மீனின் விலையில் எண்ணெய்ச் செலவு நீங்கலாக மிஞ்சுவது படகுக்கும் எஞ்சினுக்கும் வலைக்கும் ஆட்களுக்கும் பங்காகப் பிரிகிறது. ஆகையால் பாடு, அதாவது கிடைத்த மீன், மோசமான நாளில் நஷ்டம் முதலாளி ஒருவரோடு நிற்பதில்லை, ஏறிப்போன எல்லார் வீட்டு அடுப்பையும் தொடுகிறது. கரையில் ஒருவரைச் சந்தித்ததும் இங்கே கேட்கிற முதல் கேள்வி, பாடு எப்படி என்பதுதான். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த விருந்தினருக்கு உரையாடல் தானாகவே திறந்துகொள்கிறது.

பெண்களின் பங்கு தனியே சொல்லத்தக்கது. கடலேறுவது ஆண்களாயினும், மீனைப் பணமாக்குவது பெண்கள். ஏலத்தில் எடுத்து, பனிக்கட்டியிட்டு, தலைச்சுமையாகவும் வண்டியிலும் உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுபோய், வீட்டு வாசலில் நின்று வெட்டிக் கொடுத்து, கடனுக்கு விற்று, மறுவாரம் அந்தக் கடனை வசூல் செய்து வருகிற அவர்கள், விற்காததை உப்பிட்டு மணலில் உலர்த்திக் கருவாடாக்குகிறார்கள். காயவைக்க ஒரு பரந்த மணல்வெளி வேண்டும். அதுபோலவே வலையை விரித்துக் கிழிசல் பார்க்கவும், படகை நிறுத்தவும், புயற்காலத்தில் இன்னும் உள்ளே இழுத்து வைக்கவும் இடம் வேண்டும். பிரயாணியின் கண்ணுக்கு வெறுமையாகத் தோன்றுகிற கரை இவ்விதமாக ஓர் உலைக்களம்போல் பகல் முழுதும் உபயோகத்தில் இருக்கிறது.

விருந்தினர் இதனை அறிந்து நடந்தால் சம்பந்தம் சுகமாக அமைகிறது. ஏலத்தின் நடுவே நிழற்படக் கருவியை நீட்டாமல், அனுமதி கேட்டுப் படமெடுப்பதும், விரித்த வலையை மிதிக்காமல் சுற்றிச் செல்வதும், கடலில் குளித்த ஈர உடையோடு தெருவுக்குள் நுழையாதிருப்பதும் சிறிய மரியாதைகள். ஆனால் தினமும் அதே தெருவில் வசிக்கிறவர்களுக்கு அவை சிறியவை அல்ல. மாசி மகத்தன்று தெய்வங்களைக் கடலுக்கு எழுந்தருளச் செய்து தீர்த்தவாரி நடத்துகிற நாளில் இங்கே இருக்க நேர்ந்தவர்கள், கூட்டத்தில் ஒருவராக நின்று அதனைப் பார்க்கட்டும்.

2004க்குப் பின்

தரங்கம்பாடிக் கரையைப் பற்றி எழுதுகிறவர் யாரும் ஆழிப்பேரலையைத் தவிர்த்துவிட்டு மேலே செல்ல முடியாது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி காலை வந்த அந்த அலைகள் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டன. தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டம் அதுதான். தரங்கம்பாடி மீனவர் தெரு சூறையாடப்பட்டது. மரங்களைப் பிணைத்துக் கட்டிய கட்டுமரங்கள் நொறுங்கிப்போக, நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

அதன்பின் எழுந்த கேள்வியே இன்றைய விடுதி விவாதத்துக்கெல்லாம் வேர். 2005 மார்ச் 30ஆம் தேதி பிறப்பிக்கப்பட்ட 172ஆம் எண் அரசாணை, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடிழந்தவர்கள் அப்பால் புதிய வீடு பெறலாம் என்றும், அவ்வாறு பெறுகிறவர்கள் பழைய மனையை அரசுக்கு ஒப்படைத்துவிட வேண்டும் என்றும், போக மறுப்பவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாமாயினும் வீட்டுக்கு அரசு உதவி கிட்டாது என்றும் விதித்தது. உயிரைக் காப்பது என்னும் நோக்கம் நியாயமானது. ஆயினும் கடலின் நிறத்தையும் காற்றின் போக்கையும் வாசலிலிருந்து பார்த்து, போகலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கிற தொழிலாளி கடலைவிட்டு விலகிப்போக, விடுமுறைக்கு வருகிறவர் கடலுக்கு நேர் எதிரே உறங்குகிறார் என்ற நிலை கரையெங்கும் தோன்றிவிட்டால், அந்த ஏற்பாட்டில் ஏதோ ஒன்று தலைகீழாக நிற்கிறது என்றே கொள்ள வேண்டும். இவ்வூரின் கடற்கரை மாளிகை மீனவர் மனைமீது எழுந்ததன்று. பழைய கட்டடத்தை அதன் இடத்திலேயே காத்தது. நான் அஞ்சுவது அதனைப் பார்த்துப் பின்தொடர விரும்புகிறவர்களைப் பற்றி. பாரம்பரியம் என்ற பெயரில் புதுக் கட்டடங்களை அலையோரத்தில் எழுப்பி, முன்புறம் வேலியிட்டு, கரையைத் தனிச் சொத்தாக்கிக்கொள்ளும் முறை கிழக்குக் கடற்கரையின் வேறு பகுதிகளில் நாம் அறியாததன்று.

[பெட்டிச் செய்தி: போகிறவர்கள் அறிய]

சென்னையிலிருந்து கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாகச் சாலை மார்க்கம். ரயிலில் மயிலாடுதுறை வரை சென்று, அங்கிருந்து சுமார் 30 கி.மீ. பேருந்தில். காரைக்கால் மிக அருகில்.
ஜனவரி முதல் மார்ச் வரை இதமான காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் உண்டு.
ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம்.
அலை முரட்டுத்தனமானது, உள்ளூரார் கூடாது என்று சொல்லும் இடத்தில் கடலில் இறங்கலாகாது.
அருகே: திருக்கடையூர் அபிராமி உடனுறை அமிர்தகடேசுவரர் கோயில், பூம்புகார், வேளாங்கண்ணி.

கரையின் உரிமை

விடுதியால் ஊருக்கு வருகிற வேலைகளைக் குறைத்து மதிப்பிட நான் விரும்பவில்லை. சமையற்கூடத்திலும் தோட்டத்திலும் உள்ளூரார் சம்பளம் பெறுகிறார்கள். ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் இளநீர் விற்கிறவருக்கும் அதனால் வருமானம் உண்டு. ஆனால் கரைக்கு எதிரே அமைந்த விடுதி எதுவாயினும், தன் பந்தியில் பரிமாறும் மீனைத் தொலைவிலிருந்து குளிர்பெட்டியில் வரவழைக்காமல், அன்றன்று காலையில் ஏலத்திலேயே எடுப்பதை நியமமாக வைத்துக்கொள்ள வேண்டும். வஞ்சிரமும் இறாலும் மட்டுமே கேட்கிற விருந்தினருக்குச் சங்கராவையும் நெத்திலியையும் கிழங்கானையும் அறிமுகம் செய்து வைப்பதும் விடுதியாரின் கடமையே; அப்பொழுதுதான் சிறு படகுக்காரரின் பாட்டுக்கு மதிப்பு ஏறும். கிராமத்தைச் சுற்றிக் காட்டுகிற வழிகாட்டியாக மீனவர் வீட்டுப் படித்த பிள்ளைகளும், நேரம் இருந்தால் மீன் விற்கும் தாய்மார்களும் அமர்த்தப்படுவார்களானால், தங்கள் ஊரின் கதையைத் தாங்களே சொல்லி அதற்குக் கூலியும் பெறுவார்கள். இன்றைக்குக் கோட்டை அருங்காட்சியகத்தில் டேனியர் கதை விஸ்தாரமாக இருக்கிறது. அந்தக் கோட்டைக்கு மீன் கொடுத்தவர்களின் கதைக்கு ஓர் அறை ஒதுக்க எந்தத் தடையும் இல்லை.

கடலுக்குள்ளும் நெருக்கடி இருக்கிறது. சிறு மீனையும் குஞ்சையும் கூட்டமாகச் சுற்றி வளைத்து அள்ளும் சுருக்குமடி வலையை எதிர்ப்பவர்களுக்கும், அதில் முதலிட்டுவிட்டுக் கைவிட இயலாதவர்களுக்கும் இடையே இம்மாவட்டத்துக் கடற்கரைக் கிராமங்கள் பிரிந்து நின்று, மறியலும் உண்ணாவிரதமும் நடந்திருக்கின்றன. 2000ஆம் ஆண்டில் மாநில அரசு அவ்வலையைத் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாள் மட்டும், பல நிபந்தனைகளோடு இடைக்கால அனுமதி அளித்தது. கடலில் வளம் சுருங்கச் சுருங்கக் கரையில் ஒவ்வோர் அடி நிலமும் அவர்களுக்கு அதிக அவசியமாகிறது. அந்த வேளையில் நிலத்தையும் பறிகொடுக்கச் சொல்வது தர்மமாகாது.

சட்டம் இதனை அறியாததன்று. 2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கடலோர மேலாண்மை வரைபடங்களில் மீனவர் கிராமங்களையும், அவர்களுக்குப் பொதுவான இடங்களையும், மீன் உலர்த்தும் களங்களையும், படகுத் துறைகளையும் குறிக்க வேண்டும் என்று தெளிவாகவே கூறியது. குறிக்கப்படாத களம் காகிதத்தில் வெற்று நிலம். வெற்று நிலத்துக்கு அனுமதி கேட்டு வருகிற விண்ணப்பத்தை மறுக்க அதிகாரியின் கையில் காரணம் இராது. ஆகவே மயிலாடுதுறை மாவட்ட நிர்வாகம், ஊர்ப் பஞ்சாயத்தாரையும் மீன் விற்கும் பெண்களையும் உடன் அழைத்துக்கொண்டு கரை முழுதும் நடந்து, படகு ஏறுமிடம், வலை உலருமிடம், கருவாடு காயுமிடம், சுடுகாட்டுக்குப் போகும் பாதை என்று ஒன்று விடாமல் குறித்து, அதன் தமிழ்ப் பிரதியைக் கிராமத்திலேயே ஒட்டி வைத்த பின்னரே கடற்கரையில் புதிய விடுதி எதற்கும் அனுமதி வழங்க வேண்டும். தரங்கம்பாடிக்குச் செல்ல எண்ணும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அறையைப் பதிவு செய்கிறபோதே, உங்கள் விடுதி மீனை எங்கே வாங்குகிறது, கரைக்குச் செல்லும் வழியை ஊராருக்குத் திறந்து வைத்திருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள், பதில் திருப்தி அளிக்காவிட்டால் வேறு விடுதியைத் தேடிக்கொள்ளுங்கள்.